கூடாரத்தில் கழிந்த நாட்கள்



சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து நாம் கோயில் வாசலில் நின்றிருந்தபோது, மூன்று பிள்ளைகளுக்குத் தாயான ஒருவர் நம்மிடம் வந்தார். விடுமுறையில் அவர்தம் பிள்ளைகள் ஹாரி பாட்டர் திரைப்படங்கள் எட்டையும் வரிசையாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்களாம். "சாமி, ஆறு படத்தையும் சோறு தண்ணீர் மறந்து பார்த்தார்கள். ஏழாவதை மட்டும் பாதியிலேயே நிறுத்திவிட்டு எட்டாவதற்குப் போய்விட்டார்கள். ஒரே இருட்டாக இருக்கிறதாம், ஒன்றுமே நடக்கவில்லையாம். போகட்டும் என்று விட்டுவிடலாமா, உட்கார்ந்து பார்க்கச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

வாசலில் நின்றபடியே மறுமொழி கூற இயலவில்லை. எழுதுகிறோம் என்று வாக்களித்தோம். அவ்வாக்கை இம்மாதம் நிறைவேற்றுகிறோம். பார்க்கச் சொல்லுங்கள் என்பதே நம் விடை. அதற்கான காரணத்தைச் சொல்லப் புகும்போது, நம்முடைய பழைய குறை ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிறது. பொறுத்தருள்க.

முதலில், அறியாதோர்க்காகச் சிறிது கதை சொல்வோம். ஆங்கில எழுத்தாளர் ஜே. கே. ரௌலிங் அம்மையார் ஹாரி பாட்டர் என்னும் சிறுவனைத் தலைவனாகக் கொண்டு ஏழு புதினங்களை இயற்றினார். அவற்றுள் இறுதியானது 2007ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளிவந்தது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் புறக்கணிப்பில் வளரும் சிறுவன், தான் மந்திரக் கலை கற்கப் பிறந்தவன் என்றறிந்து ஹாக்வர்ட்ஸ் என்னும் உறைவிடப் பள்ளியில் சேர்கிறான். தன் பெற்றோரைக் கொன்ற வால்டமார்ட் என்னும் கொடியவனை எதிர்த்து நிற்பதே அவன் வாழ்வின் கடமையாகிறது. ரான் என்னும் தோழனும் ஹெர்மயனி என்னும் தோழியும் அவனுக்கு இரு கைகள் போன்றவர்கள். இக்கதைகள் 2001 முதல் 2011 வரை எட்டுத் திரைப்படங்களாக வந்தன. ஏழு நூல்கள் எட்டுப் படங்களானது எவ்வாறு எனில், 607 பக்கம் கொண்ட கடைசி நூலை இரண்டாகப் பிரித்துப் படமாக்கினர். அதன் முதற்பாதியே நாம் இங்கே பேசப்புகும் படம். 'டெத்லி ஹாலோஸ், முதற்பாகம்' என்பது அதன் பெயர். 2010ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. இயக்கியவர் டேவிட் யேட்ஸ். ஓடும் நேரம் 146 நிமிடம்.

நூலை இரண்டாகப் பிரித்தது வருவாய் கருதியே என்று அந்நாளில் பலர் குறை கூறினர். வணிக நோக்கம் அறவே இல்லை என்று நாமும் வாதிடமாட்டோம். முதற்பாதி மட்டுமே உலகெங்கும் 90 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஆயினும், ஒரு செயலின் நோக்கம் கலப்புடையதாயினும் அதன் விளைவு நன்மையாக அமைவதுண்டு. ஒரே படமாக எடுத்திருந்தால், கடைசிப் போருக்கு இடம் வேண்டி முதலில் வெட்டுண்டு போயிருக்கக்கூடியவை காட்டிலே கழிந்த அந்த நீண்ட நாட்கள்தாம். பிரித்ததனால் அவை பிழைத்தன. பிள்ளைகள் தாண்டிச் செல்வதும் அவற்றைத்தாம்!

இதற்கு முந்திய ஆறு படங்களுக்கும் ஒரே அச்சு. கோடை விடுமுறை முடியும், பள்ளி தொடங்கும், பெருங்கூடத்தில் விருந்து நடக்கும், ஆண்டு முழுதும் ஒரு மர்மம் தொடரும், இறுதியில் பகைவனோடு மோதல் நிகழும், முதுபெரும் தலைமையாசிரியர் டம்பிள்டோர் எல்லாவற்றையும் விளக்கி ஆறுதல் கூறுவார். எத்துணை ஆபத்து நேரினும் ஒரு சுவர் உண்டு, ஒரு கூரை உண்டு, கேட்டால் விடை சொல்லப் பெரியவர் ஒருவர் உண்டு. ஆறாம் படத்தின் முடிவில் அப்பெரியவர் இறந்துபோகிறார். ஏழாம் படத்தில் பிள்ளைகள் பள்ளிக்கே செல்வதில்லை. விருந்தும் இல்லை, விளையாட்டுப் போட்டியும் இல்லை. மூன்று இளைஞரும் ஒரு கூடாரமும் மட்டுமே எஞ்சுகின்றனர்.

படத்தின் தொடக்கத்திலேயே இம்மாற்றத்தைச் சொல்லாமல் சொல்லும் ஒரு காட்சி உண்டு. ஹெர்மயனியின் பெற்றோர் மந்திரம் அறியாத எளிய மக்கள். மகளை முன்னிட்டுப் பகைவர் அவர்களைத் தேடி வரக்கூடும். ஆகவே அவள், கூடத்தில் அமர்ந்து தேநீர் அருந்தும் தாய் தந்தையரின் பின்னே சென்று நின்று, தன் மந்திரக்கோலை உயர்த்தி, தங்களுக்கு ஒரு மகள் உண்டு என்னும் நினைவையே அவர்கள் உள்ளத்திலிருந்து அழித்துவிடுகிறாள். சுவரிலும் மேடையிலும் இருக்கும் குடும்பப் புகைப்படங்களிலிருந்து அவள் உருவம் ஒவ்வொன்றாக மறைகிறது. பிறகு அவள் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கித் தனியே நடக்கிறாள். அழுகுரல் இல்லை, நீண்ட வசனம் இல்லை. நூலில் இச்செய்தியைப் பின்னர் அவள் வாய்மொழியாகத்தான் அறிகிறோம். அதைக் கண்முன் நிகழ்வதாகக் காட்டி, படத்தின் வாயிலிலேயே வைத்தது திரைக்கதை ஆசிரியர் ஸ்டீவ் குளோவ்ஸ், இயக்குநர் யேட்ஸ் ஆகியோரின் நுண்ணறிவு. வீட்டை விட்டுச் செல்வது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்ல முடியுமோ?

இனி, அவர்கள் மேற்கொண்ட பணி யாது? வால்டமார்ட் சாவுக்கு அஞ்சியவன். தான் சாகாதிருக்கும்பொருட்டுத் தன் ஆன்மாவையே பிளந்து, துண்டு துண்டாக வெவ்வேறு பொருள்களில் ஒளித்து வைத்திருக்கிறான். அப்பொருள்கள் ஒவ்வொன்றையும் தேடி அழித்தாலன்றி அவன் அழியான். அவற்றுள் ஒன்றான கழுத்துப் பதக்கம், மந்திர அமைச்சகத்தின் அதிகாரி ஒருத்தியிடம் இருப்பதை அறிந்து, மூவரும் மாறுவேடத்தில் நுழைந்து அதைக் கவர்ந்து வருகின்றனர். வந்த பிறகுதான் தெரிகிறது, அதை அழிக்கும் வழி தங்களுக்குத் தெரியாது என்பது! விட்டெறியவும் கூடாது, உடைக்கவும் இயலாது. எனவே தொலைந்துபோகாதிருக்க, முறை வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் அதைக் கழுத்தில் அணிந்து சுமக்கிறார்கள்.

வாசகர்களே, இப்படத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது நம் எண்ணம். அப்பதக்கம் வெறும் உலோகமன்று. அதை அணிந்திருப்பவரின் உள்ளத்தை அது மெல்ல மெல்லக் கசப்பாக்குகிறது. சிரிப்பு மறைகிறது. நண்பர் பேசும் இயல்பான சொல்லும் ஏளனமாகத் தோன்றுகிறது. இதைப் பத்து நிமிடத்தில் காட்டினால் அது வெறும் செய்தியாகும். மழையும் பனியும் மாறி மாறி வர, இடம் விட்டு இடம் கூடாரம் பெயர, நாள் கணக்கு மறந்து போக, ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கே சலித்துப் போகும் அளவுக்குக் காலம் நீண்டால்தான் அது அனுபவமாகும். படம் மெதுவாக நகர்கிறது என்பது உண்மையே. சுமை என்பது மெதுவாகத்தான் கனக்கிறது.

இந்த மெதுவான பகுதிக்குப் படைப்பாளர்கள் காட்டிய அக்கறை சிறிதன்று. போர்த்துக்கல் நாட்டில் பிறந்த எடுவார்டோ செர்ரா ஒளிப்பதிவு செய்தார். ஓர் ஓவியரின் கதையான 'முத்துக் காதணி அணிந்த பெண்' என்னும் 2003ஆம் ஆண்டுப் படத்தில், சாளர வழியே விழும் ஒளியைக் கொண்டே அழகு படைத்தவர் அவர். இங்கே சாம்பல் வானமும் ஈரக் காடும் அவருக்குக் கருவிகளாயின. யார்க்‌ஷயர் பகுதியில் மால்ஹாம் என்னுமிடத்தில், வெடிப்பு வெடிப்பாகப் பரந்து கிடக்கும் சுண்ணாம்புப் பாறை வெளியில் ஒரு காட்சி எடுக்கப்பட்டது. அத்தனைப் பெரிய வெளியில் அக்கூடாரம் ஒரு சருகைப் போலத் தோன்றுகிறது. பிரெஞ்சு இசைவாணர் அலெக்சாந்தர் தெப்ளாவின் இசையும் பல இடங்களில் தாழ்ந்து ஒலித்து, காற்றுக்கும் அமைதிக்கும் இடம் விடுகிறது. படத்தை முப்பரிமாணமாக மாற்றி வெளியிடுவதாக முதலில் அறிவித்திருந்தனர். குறித்த நாளுக்குள் தரம் குன்றாமல் முடிக்க இயலாது என்று 2010 அக்டோபரில் அதைக் கைவிட்டனர். இப்படத்துக்கு அது நல்லதாயிற்று. கண்ணைக் குத்தும் வித்தைகள் இதற்குத் தேவையில்லை.

கூடாரத்தில் ஒரு சிறு வானொலிப் பெட்டி உண்டு. காணாமற்போனவர்கள், இறந்தவர்கள் ஆகியோரின் பெயர்களை அதில் ஒருவர் வாசித்துக்கொண்டே இருப்பார். ரான் அதை இரவும் பகலும் காதருகே வைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பெரிய குடும்பம். அவர்களுள் எவர் பெயரும் அப்பட்டியலில் வந்துவிடக் கூடாதே என்பதற்காகக் கேட்கிறான். நல்ல செய்தி வருமென்று அவன் காத்திருக்கவில்லை. கெட்ட செய்தி வராதிருந்தால் போதும் என்றிருக்கிறான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவெல்லாம் காத்திருந்தவர்க்கு இந்நிலை விளங்கும்.

கையில் காயம், வயிற்றில் பசி, கழுத்தில் பதக்கம், காதில் அந்தப் பெயர்ப் பட்டியல். இந்நிலையில் ஓரிரவு ரான் வெடிக்கிறான். ஹாரிக்கு இழப்பதற்குக் குடும்பம் இல்லை என்பதால் தன் துயரம் அவனுக்குத் தெரியாது என்று குத்திப் பேசுகிறான். பதக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹெர்மயனி கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாராமல் இருட்டில் மறைந்துவிடுகிறான்.

2010ஆம் ஆண்டின் கடைசியில் நம் தமக்கையாரின் மகன், அந்நாளில் பதினைந்து வயதினன், நம்மை வற்புறுத்தி இப்படத்துக்கு அழைத்துச் சென்றான். உண்மையைச் சொல்லிவிடுகிறோம், நாம் பாதியில் உறங்கிவிட்டோம். வெளியே வந்ததும், "என்னடா இது, மூன்று பேர் காட்டில் முகாம் போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், படம் முடிந்துவிடுகிறது. ஒன்றும் நடக்கவில்லையே!" என்றோம். அவன் முகம் வாடியதை அன்று பொருட்படுத்தவில்லை.

கடந்த ஆண்டு அதே பையன், இப்போது வேலையில் இருப்பவன், விடுப்பில் வந்திருந்தபோது மறுபடியும் அப்படத்தைத் தமக்கையார் வீட்டில் போட்டான். "மாமா, இந்தத் தடவையாவது தூங்காமல் பாருங்கள்" என்றான். தமக்கையார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே எங்களோடு அமர்ந்திருந்தார். ரான் பதக்கத்தைக் கழற்றி எறிந்து வெளியேறிய காட்சியில் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். உறக்கம் வரவில்லை. ஏனெனில் அவ்விடத்தில் நின்றவனை நாம் அறிவோம்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நம் அன்னையார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார்கள். இரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தார்கள். தமக்கையார்தாம் அவர்களைத் தம் இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். நாம் ஒரு மாத விடுப்புப் பெற்று, தமக்கைக்குச் சற்று ஓய்வு கொடுப்போம் என்று பெருமையோடு சென்றோம். முதல் வாரம் நன்றாகவே கழிந்தது. இரவில் மூன்று முறை எழுந்து அன்னையைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிடில் முதுகில் புண் வரும். கஞ்சியைத் துளித் துளியாகப் புகட்ட வேண்டும். பேச்சுக் குழறியதால் அவர்கள் கேட்பது நமக்குப் புரியாது; புரியாதபோது அவர்கள் அழுவார்கள். பத்தாம் நாள் நாம் தமக்கையிடம் எரிந்து விழுந்தோம். குழம்பில் உப்பு மிகுதி என்பது சாக்கு. பதினான்காம் நாள், பங்கில் அவசர வேலை வந்துவிட்டது என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டோம். வேலை இருந்தது உண்மை. அவசரம் என்பது உண்மையன்று. தமக்கை வாசல்வரை வந்து, "இன்னும் ஒரு வாரம் இருக்கக் கூடாதா?" என்று ஒரே முறை கேட்டார். நாம் பேருந்துக்கு நேரமாகிறது என்றோம்.

இதை நினைத்தபடியே மீதிப் படத்தைக் கண்டோம்.

ரான் போன பிறகு கூடாரத்தில் இருவரே எஞ்சுகிறார்கள். பேச்சில்லை. ஒரு மாலை வானொலியில் ஏதோ ஒரு பாட்டு ஒலிக்கிறது. ஹாரி எழுந்து சென்று, ஹெர்மயனியின் கழுத்திலிருந்து அந்தப் பதக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து ஆடச் செய்கிறான். ஆடத் தெரியாத ஆட்டம். இரண்டொரு நிமிடம் அவள் சிரிக்கிறாள். பாட்டு முடிகிறது, துயரம் மீண்டும் முகத்தில் வந்து அமர்கிறது. இக்காட்சி நூலில் இல்லை. தேவையில்லாத இடைச்செருகல் என்று சிலர் அதை வெறுத்தனர். காதற்காட்சி என்று சிலர் தவறாகக் கொண்டனர். நம் கண்ணுக்கோ, அது ஓர் உடன்பிறப்பு மற்றவர்க்குச் செய்யக்கூடிய தொண்டாகவே தோன்றுகிறது. சுமையை நீக்க அவனால் இயலாது. இரண்டு நிமிடம் கழற்றி வைக்க இயலும். அதைச் செய்தான். நோயாளியைப் பேணும் வீட்டுக்குச் செல்பவர்கள் பழமும் ரொட்டியும் கொண்டு செல்வதோடு, அவ்வீட்டுப் பெண்ணிடம், "ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வெளியே போய்விட்டு வா" என்று சொன்னால் அது எத்துணைப் பெரிய உதவி என்பதை நினைத்துப் பாருங்கள்.

பின்னர் அவ்விருவரும் ஹாரியின் பிறந்த ஊராகிய சிற்றூருக்குச் செல்கிறார்கள். எங்கும் பனி பொழிந்து கிடக்கிறது. கோயிலிலிருந்து பாடல் ஒலி வருகிறது. அப்போதுதான் அன்று கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவு என்பதே அவர்களுக்கு நினைவு வருகிறது. நாளையும் கிழமையையும் மறக்கும் அளவுக்குத் துன்பம்! கோயிலை அடுத்த கல்லறைத் தோட்டத்தில், பிறந்து ஓராண்டுக்குப் பின் தான் கண்டிராத பெற்றோரின் கல்லறை முன் ஹாரி நிற்கிறான். ஹெர்மயனி தன் மந்திரக்கோலால் ஒரு மலர் வளையத்தை உண்டாக்கி அதன்மேல் வைக்கிறாள். அவன் தோளில் சாய்கிறாள். நள்ளிரவுப் பூசைக்கு விளக்கெரியும் கோயிலுக்கு வெளியே, குளிரில், இறந்தோரோடு நிற்கும் இரு பிள்ளைகள். தொடர் முழுவதிலும் இதைப்போல் நம்மைத் தொட்ட காட்சி வேறில்லை.

அக்கல்லறையில் என்ன பொறித்திருக்கிறது என்பதை நூல் சொல்கிறது. சாவையே கடைசிப் பகைவனாகக் காட்டும் புனித சின்னப்பரின் வாசகம் அது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் வருவது. அருகே டம்பிள்டோர் குடும்பத்தாரின் கல்லறையில், செல்வமும் உள்ளமும் ஓரிடத்தே தங்கும் என்னும் பொருளுடைய மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகார வாசகம் இருக்கிறது. இவ்விரு வாசகங்களும் தொடர் முழுவதன் சாரத்தையும் ஏறத்தாழத் தம்முள் அடக்கியவை என்னும் கருத்தை 2007ஆம் ஆண்டு ரௌலிங் அம்மையாரே செய்தியாளரிடம் தெரிவித்தார். மந்திரவாதக் கதையாயிற்றே, பிள்ளைகள் பார்க்கலாமா என்று ஐயுறும் பெற்றோர் நம்மிடையே இன்னும் உண்டு. அவர்களது கவலையை நாம் எள்ளுவதில்லை. ஆனால் இக்கதையில் சாவை வெல்லக் குறுக்குவழி தேடுபவன் கொடியவன் என்பதையும், சாவை ஏற்றுக்கொண்டு அன்பு செய்பவர்களே வெல்பவர்கள் என்பதையும் அவர்கள் கருத்தில் கொள்வாராக.

இதே கருத்தை இப்படத்தில் ஒரு சிறு கதையும் விளக்குகிறது. மூன்று சகோதரர்கள் சாவையே சந்திக்கும் கதை. சாவிடம் மூத்தவன் எவராலும் வெல்லமுடியாத மந்திரக்கோலைப் பெற்றான். இரண்டாமவன் இறந்தோரை அழைக்கும் கல்லைப் பெற்றான். இளையவன் தன்னை மறைத்துக்கொள்ளும் போர்வையைப் பெற்றான். முன்னிருவரும் அப்பொருள்களாலேயே மாண்டனர். இளையவன் மட்டும் முதுமைவரை வாழ்ந்து, போர்வையைத் தன் மகனுக்கு அளித்துவிட்டு, சாவை ஒரு பழைய நண்பனைப்போல் வரவேற்று உடன் சென்றான். ஹெர்மயனி வாசிக்க, இக்கதை நிழலுருவ ஓவியங்களாகத் திரையில் அசைகிறது. பென் ஹிபான் என்பவர் இப்பகுதியை இயக்கினார். நம் ஊர்த் தோற்பாவைக் கூத்தைக் கண்ட பெரியவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது. பிள்ளைகள் வேறெதைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதிருக்கட்டும்.

ரான் திரும்பி வருகிறான். எப்படி? காட்டிலுள்ள உறைந்த குளத்தில் ஒரு வாள் கிடக்கிறது. பதக்கத்தை அழிக்க வல்ல வாள். அதை எடுக்க, ஹாரி பதக்கத்தை அணிந்தபடியே நீரில் இறங்குகிறான். பதக்கத்தின் சங்கிலி அவன் கழுத்தை நெரிக்கிறது. பனிக்கட்டியின் கீழே அவன் மூச்சுத் திணறுகிறான். அவ்வேளையில் ஒரு கை அவனைப் பற்றி மேலே இழுக்கிறது. அது ரானின் கை. கரையேறிய ஹாரி என்ன செய்தான் தெரியுமா? எங்கே போயிருந்தாய் என்று கேட்டுக் கணக்குப் பார்க்கவில்லை. பதக்கத்தை அழிக்கும் வாளை அவனிடமே கொடுத்து, நீதான் இதைச் செய்ய வேண்டும் என்கிறான். பதக்கம் திறக்கிறது. ரானின் உள்ளத்தில் புதைந்திருந்த அச்சங்கள் எல்லாம் உருவெடுத்து எழுந்து அவனை ஏளனம் செய்கின்றன. தாய்க்குத் தான் வேண்டாதவன், தோழிக்கும் தான் இரண்டாமவன் என்று அவன் தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தவை அவை. நடுங்கிக்கொண்டே வாளை ஓங்கி அவற்றை வெட்டுகிறான்.

அன்று கூடாரத்தில் அவன் பேசிய நஞ்சு எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்குகிறது. சுமை அவனைத் தீயவனாக்கவில்லை; அவனுள் ஏற்கெனவே இருந்த புண்ணைக் கண்டுபிடித்து அங்கே அழுத்திற்று. அதனால் அவன் குற்றமற்றவன் என்று ஆகாது, போனவன் அவன்தான். ஆனால் போனவன் திரும்பி வர முடியும் என்பதும், வந்தவனுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்பதும் ஆறுதலானவை. ஹெர்மயனி மட்டும் எளிதில் விடுவதில்லை. கைக்கு அகப்பட்டதையெல்லாம் அவன்மேல் எறிந்து அடிக்கிறாள். அதுவும் நியாயமே. மன்னிப்பு என்றால் கோபமே வராது என்று நாம் மேடையில் பேசிவிடுகிறோம். காத்திருந்தவருக்குக் கோபப்படவும் உரிமை உண்டு.

போன அடுத்த கணமே திரும்பிவர விரும்பியதாகவும், உங்களைக் கண்டுபிடிக்கும் வழிதான் தெரியவில்லை என்றும் ரான் சொல்கிறான். இதைக் கேட்டபோது நாம் தமக்கையார் பக்கம் பார்த்தோம். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் அன்று பேருந்தில் ஏறிய சிறிது நேரத்துக்குள் திரும்ப விரும்பியவர்களே. எப்படித் திரும்புவது, என்ன சொல்லி உள்ளே நுழைவது என்பதுதான் தெரியவில்லை. பிறகு பண்டிகைகளுக்குச் சென்றோம், பணம் அனுப்பினோம், அன்னையாரின் அடக்கத்தை முன்னின்று நடத்தினோம். அந்தப் பதினான்காம் நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பேசியதில்லை.

படத்தின் இறுதியில் டாபி என்னும் சிற்றுருவ ஏவலன், நண்பர்களைக் காப்பாற்ற வந்து தன் உயிரைக் கொடுக்கிறான். பிறர் வீட்டில் அடிமையாயிருந்து, ஹாரியால் விடுதலை பெற்றவன் அவன். மந்திரத்தால் ஒரு நொடியில் குழி தோண்டிவிடலாம். ஹாரி அதை மறுத்து, கடற்கரை மேட்டில், தன் கையாலேயே மண்ணைத் தோண்டி அவனை அடக்கம் செய்கிறான். வேல்ஸ் நாட்டின் பிரெஷ்வாட்டர் வெஸ்ட் என்னும் கடற்கரையில் எடுக்கப்பட்ட காட்சி அது. விரைவாகச் செய்ய வழியிருந்தும் மெதுவாகச் செய்வதே மரியாதை என்னும் இடங்கள் வாழ்வில் உண்டு. இப்படம் மெதுவாக நகர்வதன் நியாயத்தை இப்படமே இக்காட்சியில் கூறிவிடுகிறது.

பின்னர் ஒரே ஒரு காட்சி. கொடியவன் டம்பிள்டோரின் கல்லறையைப் பிளந்து, வெல்லமுடியாத மந்திரக்கோலைக் கைப்பற்றுகிறான். தீமை மேலோங்கி நிற்கப் படம் முடிகிறது. அடுத்த பாகம் 2011 சூலையில்தான் வந்தது. போரும் வெற்றியும் அதில் உண்டு. இதைப் பார்க்காமல் அதைப் பார்ப்பவர்க்கு வாணவேடிக்கை கிடைக்கும். ஆனால் எதற்காக மகிழ வேண்டும் என்பது முழுமையாகத் தெரியாது.

சில எச்சரிக்கைகளும் கூறுவோம். இப்படத்தில் பாம்பு பாயும் காட்சியும், ஹெர்மயனி வதைக்கப்படும் காட்சியும் அச்சம் தருபவை. இங்கிலாந்தில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடு மட்டுமே திரையரங்கில் பார்க்கலாம் என்னும் சான்றிதழே இதற்கு அளிக்கப்பட்டது. ஆகவே சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளைத் தனியே பார்க்க விடாமல், பெற்றோரும் உடன் அமர்க. கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்துவிடுக. இரண்டரை மணி நேரத்தை ஒரே இரவில் முடிக்க இயலாவிடில், ரான் போகும் இடத்தில் நிறுத்தி, மறுநாள் தொடர்க. இடையில் ஓர் இரவு காத்திருப்பதும் நன்மையே.

அன்று படம் முடிந்தபின் தமக்கையின் மகன் வெளியே சென்றுவிட்டான். நாம், "அக்கா, அம்மா படுத்திருந்தபோது நான் பாதியில் போனேனே" என்று தொடங்கினோம். அதற்குமேல் சொல் வரவில்லை. தமக்கையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "கோபம் இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் கோபித்துக்கொண்டு உட்கார நேரம் எங்கே இருந்தது? அம்மாவைத் திருப்பிப் போட நேரமாகிவிடும்" என்றார். மேலும் ஒன்று சொன்னார்: "நீ இருந்த பதினாலு நாளும் நான் இரவில் தூங்கினேன். அதைச் சொல்ல விட்டுப்போயிற்று." இவ்வளவே. முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குச் சென்றுவிட்டார். நாம் பின்னே சென்று பாத்திரம் துலக்கினோம்.

கேள்வி கேட்ட தாய்க்கு இப்போது விடை கிடைத்திருக்கும் என நம்புகிறோம். பிள்ளைகள், "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று சொன்னால் கடிந்துகொள்ள வேண்டாம். நாற்பது வயதில் நாமும் அப்படித்தான் சொன்னோம். இப்போது பார்க்கட்டும், பாதி விளங்கினால் போதும். மீதியை விளக்க, அவர்கள் வாழ்விலும் ஒருநாள் ஒரு கூடாரம் வரும். அன்று, பதக்கத்தை மாற்றி அணிந்துகொள்ள அருகில் ஒருவர் இருக்க இறைவன் அருள்வாராக.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.